எஞ்சினுக்கும் விசாரணை வேண்டும்

(தோட்டக் கிளையின் அரையாண்டுக் கூட்டத்தில், கூட்டுறவுப் படகு குறித்து ஆபீஸ் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



"சம்பள விஷயம் பேசுவார்கள் என்று வந்தோம், கிராணி படகு எஞ்சினைப் பற்றிப் பேசப் போகிறாராமே" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது என் காதிலும் விழுகிறது. சம்பள விஷயத்தைச் செயலாளர் பேசுவார். எனக்குத் தலைவர் கொடுத்திருப்பது அரைமணி நேரம். அந்த நேரத்துக்குள், நம்முடைய மரண சகாய நிதி எப்படிக் காலியாகப் பார்த்தது என்பதையும், குற்றமற்ற ஒரு தொழிலாளி எப்படி நம் கையாலேயே தண்டனை பெற்றார் என்பதையும் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். இரண்டும் ஒரு பழைய எஞ்சினைச் சுற்றி நடந்தவை. ஆகவே எஞ்சினைப் பற்றிப் பேசித்தான் தீர வேண்டும்.

புதிதாகத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்காகச் சில வார்த்தைகள். 2011-ஆம் ஆண்டில் 52 குடும்பங்கள் மாதம் 10 வெள்ளி வீதம் போட்டு நம் கூட்டுறவுக்கு ஒரு படகு வாங்கினோம். 18 அடி நீளமுள்ள பைபர் படகு. பின்னால் மாட்டியிருப்பது 40 குதிரைச்சக்தி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். 1996-ல் செய்தது. பேராக் ஆற்றில் தெலுக் இந்தான் பக்கம் ஆற்று இறால் பிடிக்க வருகிறவர்கள் சனி ஞாயிறுகளில் அதை வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்த வாடகை நேரே மரண சகாய நிதிக்குப் போகிறது. நம் லயத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கே 1,500 வெள்ளி அந்த வீட்டுக்குப் போய்ச் சேருகிறதென்றால், அதில் பெரும்பங்கு இந்தப் படகு சம்பாதித்தது.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே படகு மந்தம் என்று பேச்சு. ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அது பேச்சாக இல்லாமல் ஆபத்தாகவே வந்துவிட்டது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஆற்றின் கீழ்ப்பக்கம் போன படகு, கடல் வற்றும் நேரத்தில், நீரோட்டத்துக்கு எதிராகத் திரும்ப வேண்டியதாயிற்று. முக்கால் மணிக்குள் வந்து சேர வேண்டிய தூரம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நன்றாக இருட்டிவிட்டது. வந்தவர்களில் ஒருவர் சிறு பையனை அழைத்து வந்திருந்தார். கரையேறியதும் அவர் பேசிய பேச்சை இங்கே சொல்ல மாட்டேன். அவர் பேசியது நியாயமே.

மறுவாரம் எஞ்சினைப் பட்டணத்துக்குக் கொண்டு போய் ஒரு கடையில் காட்டினோம். கடைக்காரர் மூடியைக் கழற்றினார், பார்த்தார், மூடினார். "எஞ்சினுக்கு வயசாயிடுச்சு, எண்ணெய் சரியா கலக்காம ஓட்டிக் கெடுத்திருக்காங்க, புதுசு வாங்குங்க" என்றார். புது எஞ்சின் 14,000 வெள்ளி. நிதியில் இருந்ததோ 17,000 சொச்சம்.

அன்றிரவே கமிட்டி கூடியது. இரண்டு தீர்மானங்கள். ஒன்று, நிதியிலிருந்து 14,000 எடுப்பது. மற்றொன்று, எஞ்சினைக் கெடுத்ததாகப் படகோட்டிக்குக் கொடுத்து வரும் மாதப்படி 150 வெள்ளியை நிறுத்தி வைப்பது. படகோட்டி யாரென்று உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் இந்தத் தோட்டத்தில் மரம் வெட்டிய மனிதர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு தம்பி, படகு கனத்துப் போச்சு." கமிட்டியில் ஒருவர் சிரித்தார். கூட்டக் குறிப்பை எழுதியவன் நான். தீர்மானங்கள் இரண்டையும் எழுதினேன். அவர் சொன்ன வாக்கியத்தை எழுதவில்லை.

மூன்றாம் நாள், பால் நிறுக்கும் கொட்டகையில் அந்தப் படகோட்டியின் மனைவி என் முன்னால் வாளியை வைத்தார். அந்த வாரந்தான் பாலில் தண்ணீர் கலந்ததாக ஒரு பெண்மணி மேல் நிர்வாகம் குற்றம் சாட்டியிருந்தது. முறையான விசாரணை நடத்தாமல் தண்டிக்கக் கூடாது, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் பாருங்கள் என்று நான் மானேஜர் ஆபீசில் வாதாடிவிட்டு வந்திருந்தேன். அந்தத் தாயார் அதைக் கேள்விப்பட்டிருந்தார். "கிராணித் தம்பி, தொர செஞ்சா சங்கத்துக்கு ஓடுறோம். சங்கத்துக்காரங்களே செஞ்சா எங்க ஓடுறது?" என்றார். குரலை உயர்த்தவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. அன்று மாலை தலைவரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு தீர்மானங்களையும் ஒரு மாதம் ஒத்திவைக்க அவர் சம்மதித்தார். அந்த ஒரு மாதத்தில் எஞ்சினையும் படகையும் நாங்கள் விசாரித்த கதையைத்தான் இப்போது சொல்கிறேன். எங்களுடன் மூன்றாவதாக இருந்தவர் பக்கத்து கம்பத்திலிருக்கும் ஒரு மலாய்க்கார மீனவர். அவர் கையில் ஓடாத எஞ்சின் இல்லை. காசு வாங்க மறுத்துவிட்டார். நிதிக்கு ஒரு தட்டு இறால்கூட அன்பளிப்பாகக் கொடுத்தார்.

தோழர்களே, ஒருவருடைய ரப்பர் வருமானம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் முதலில் என்ன கேட்கிறோம்? பால் குறைந்ததா, பாலில் உள்ள உலர் ரப்பர் குறைந்ததா என்று கேட்கிறோம். வாளியின் எடையை ஒரு பக்கமும், மெட்ரோலாக் காட்டும் கணக்கை ஒரு பக்கமும் வைத்துப் பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. படகுக்கும் அப்படியே இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, விசையை முழுக்கத் தள்ளியபோது எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது. மற்றொன்று, அப்போது படகு மணிக்கு எவ்வளவு தூரம் போகிறது. "மந்தம்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு 14,000 வெள்ளிக்குத் தீர்ப்பு எழுதிய நாங்கள், இந்த இரண்டில் ஒன்றைக்கூட அளந்திருக்கவில்லை. கடைக்காரரும் அளக்கவில்லை.

ஏன் இரண்டும் வேண்டும்? சுற்று நன்றாக ஏறுகிறது, வேகம் மட்டும் இல்லை என்றால், எஞ்சின் உழைக்கிறது, உழைப்பு தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். விசிறியின் இலை உடைந்திருக்கலாம். அல்லது எஞ்சினை மிக உயரத்தில் மாட்டியதால் விசிறி மேலிருந்து காற்றை இழுக்கலாம். அல்லது விசிறிக்கு நடுவே இருக்கும் ரப்பர் புஷ் நழுவலாம். ஆம், நம்முடைய ரப்பர்தான்! பெரும்பாலான விசிறிகளின் நடுவே, கட்டையில் மோதினால் கியர் உடையாமலிருப்பதற்காக ஒரு ரப்பர் புஷ்ஷை அழுத்திப் பொருத்தியிருக்கிறார்கள். நாளானால் அது பிடிப்பு விட்டு உள்ளே சுற்றும். மெதுவாகப் போனால் தெரியாது. விசையைத் தள்ளினால் எஞ்சின் கத்தும், படகு நகராது. புஷ்ஷின் மேலும் விசிறியின் மேலும் சேர்த்து ஒரே கோடாகச் சாயம் பூசிவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வரும்போது கோடு இரண்டாக விலகியிருந்தால் குற்றவாளி அகப்பட்டான்.

சுற்றும் ஏறவில்லை, வேகமும் இல்லை என்றால் கதை வேறு. அப்போது ஒன்று எஞ்சினுக்குச் சக்தி குறைந்திருக்க வேண்டும், அல்லது அதன் தலைமேல் சுமை கூடியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் விசாரணை.

சுற்றை எண்ண ஒரு சிறு கருவி 45 வெள்ளிக்கு வாங்கினோம். பிளக்குக்குப் போகும் ஒயரில் அதன் கம்பியைச் சுற்றிவிட்டால் எண்ணைக் காட்டும். டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா என்று அதில் சரியாகத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியோ இரட்டிப்போ காட்டி ஆளை ஏமாற்றும். முதல் நாள் நானே ஏமாந்தேன். எஞ்சின் 7,000 சுற்றுகிறது என்று கண்டு ஆனந்தப்பட்டவன் நான். வேகத்துக்குக் கைத்தொலைபேசியே போதும். ஆனால் அது காட்டுவது கரையைப் பொறுத்த வேகம். ஆறு நம்மைத் தள்ளியதும் இழுத்ததும் அதில் கலந்திருக்கும். ஆகவே நீரோட்டம் தணிந்த வேளையில், மேல்நோக்கி ஒரு தடவை, கீழ்நோக்கி ஒரு தடவை ஓட்டி, இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். படகில் எப்போதும் அதே இரண்டு பேர், அரை டாங்கி எண்ணெய். ஒவ்வொரு நாளும் இது மாறினால் கணக்குக்கு மதிப்பில்லை. செக்ரோல் எழுதிப் பழகிய கைக்கு இது கஷ்டமான காரியமா?

முதல் நாள் கிடைத்த கணக்கு: 3,600 சுற்று, 27 கிலோமீட்டர். எஞ்சினுடன் வந்த புத்தகம், விசையை முழுக்கத் தள்ளினால் 4,500-க்கும் 5,500-க்கும் இடையே சுற்ற வேண்டும் என்கிறது. படகு நன்றாக இருந்த காலத்தில் 5,000 சுற்றும் 41 கிலோமீட்டரும் ஓடியதாகப் படகோட்டி அண்ணன் தம் பழைய நோட்டில் குறித்து வைத்திருந்தார். ஆமாம், அவர் நோட்டு வைத்திருந்தார்! கமிட்டி கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

ஆகச் சுற்றும் இல்லை, வேகமும் இல்லை. முதலில் குற்றஞ்சாட்டப்பட்ட எஞ்சினையே விசாரித்தோம். எண்ணெய் கலக்காமல் ஓட்டிக் கெடுத்திருந்தால் பிஸ்டனும் வளையமும் தேய்ந்து, சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். அதை அளக்கும் மானி 65 வெள்ளி. இரண்டு பிளக்கையும் கழற்றி, அவற்றின் ஒயரை எஞ்சின் உடம்போடு சேர்த்துத் தரையிட்டு, விசையை முழுக்கத் திறந்து வைத்து, முள் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். மேல் சிலிண்டரில் சதுர அங்குலத்துக்கு 118 ராத்தல், கீழ் சிலிண்டரில் 114. மலாய்க்கார நண்பர் மானியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரித்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பதுதான் முக்கியம். நூற்றுக்குப் பத்து, பதினைந்துக்கு மேல் வித்தியாசம் கண்டால்தான் கவலை. 1996-ல் செய்த எஞ்சின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. கடைக்காரர் சொன்ன குற்றச்சாட்டு அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது.

ஆனாலும் விசாரணையை அவசரமாக முடிக்கவில்லை. இரண்டு பிளக்கிலும் பொறி நன்றாக நீல நிறத்தில் விழுந்தது. எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் நம் இளைஞர்களுக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம், கையும் போகும், சில எஞ்சின்களில் உள்ளே இருக்கும் மின்பெட்டியும் போகும். பிறகு எண்ணெய் வழி. டாங்கி மூடியிலுள்ள காற்றுத்துளை திறந்திருக்கிறதா? அடைத்திருந்தால் கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பிறகு படுத்துவிடும். நடுவிலுள்ள ரப்பர் கைப்பம்பை, முழு விசையில் ஓடும்போது ஒருவர் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது சுற்று ஏறினால் எஞ்சினின் எண்ணெய்ப் பம்போ, குழாயோ, வடிகட்டியோ பலவீனம் என்று அறியலாம். பழைய குழாய் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே தோல் உரிந்து அடைத்துக்கொண்டிருக்கும். எங்களுக்கு ஒரு சுற்றுகூட ஏறவில்லை. ஆகவே எண்ணெய் வழியும் விடுதலை. குளிர்நீர்த் துளையிலிருந்து தண்ணீர் பலமாகப் பீச்சியது. எஞ்சின் சூடாகவில்லை.

அடுத்ததாக நண்பர், எஞ்சினை நிறுத்திவிட்டு, என்னை முன்னால் உட்கார வைத்து விசையை முழுக்கத் தள்ளச் சொன்னார். தாம் மூடியைக் கழற்றிக் கார்புரேட்டரின் வாயைப் பார்த்தார். உள்ளே காற்றை விடும் தட்டு, முழு விசையில் காற்றுக்கு நேராகப் படுத்துவிட வேண்டும். எங்களுடையது சாய்ந்தபடியே நின்றது. கால் பங்கு திறக்கவே இல்லை. விசையிலிருந்து போகும் கேபிள் பல வருஷத்தில் தளர்ந்து, நாங்கள் முழுக்கத் தள்ளினாலும் எஞ்சினுக்கு முக்கால்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தகைய பழைய எஞ்சின் பலவற்றில் பொறி விழும் நேரமும் அதே தட்டோடு சேர்ந்து நகரும் என்பதால் நஷ்டம் இரட்டிப்பு. கேபிள் முனையிலிருக்கும் திருகைச் சரி செய்ய அரைமணி. செலவு ஒன்றுமில்லை. மறுநாள் ஆற்றில்: 3,900 சுற்று, 30 கிலோமீட்டர்.

இதோடு நின்றிருந்தால் பாதிக் குற்றவாளியை விட்டுவிட்டிருப்போம். இன்னும் 4,500-ஐத் தொடவில்லையே! எஞ்சினில் குறையில்லை என்று நிரூபித்தாகிவிட்டது; ஆகவே சுமையைப் பார்க்க வேண்டியதுதான். அப்போதுதான் அந்த வாக்கியம் என் நினைவுக்கு வந்தது: "படகு கனத்துப் போச்சு."

அவரிடம் போய், எப்படி அண்ணே தெரியும் என்று கேட்டேன். "காண்டாவுல ரெண்டு வாளியத் தூக்கினவனுக்கு எது கனம்னு தெரியாதா?" என்றார். மூக்கைத் தூக்கிக்கொண்டே ரொம்ப நேரம் உழுதுகொண்டு போகிறது, தண்ணீருக்கு மேல் ஏறிப் படுக்க மாட்டேன் என்கிறது, கரையில் இழுக்க முன்பு நாலு பேர் போதும், இப்போது ஏழு பேர் வேண்டியிருக்கிறது என்றார். அவர் சொன்னதை இந்தத் தடவை எழுதிக்கொண்டேன்.

தோழர்களே, நம் வட்டாரத்தில் எடைக்கா பஞ்சம்? செம்பனை ஆலையில் லாரியையே நிறுக்கும் தராசு இருக்கிறது. ஆலைக் கிராணி என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவர். எஞ்சினையும் மற்ற சாமான்களையும் கழற்றிவிட்டு, வெறும் லாரியை ஒரு தடவை, படகு ஏற்றிய லாரியை ஒரு தடவை நிறுத்தோம். வித்தியாசம் 560 கிலோ. வாங்கும்போது கொடுத்த காகிதத்தில் வெறும் படகின் எடை 340 கிலோ. எங்கிருந்து வந்தது அந்த 220 கிலோ? மூன்று வளர்ந்த மனிதர்களுக்கு மேல், தினமும் வாடகை கொடுக்காமல், கண்ணுக்குத் தெரியாமல் நம் படகில் சவாரி செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்!

தளப் பலகைக்குக் கீழே, படகு கவிழ்ந்தாலும் மிதக்க வேண்டும் என்பதற்காக நுரை அடைத்திருப்பார்கள். தளத்தில் ஒரு வட்டம் வெட்டிக் கையை விட்டுப் பார்த்தோம். பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லிட்டர் என்பது ஒரு முழுப் பீப்பாய். தண்ணீர் எப்படிப் போனது? 2019-ஆம் ஆண்டில், வாடகைக்கு வருகிறவர்களின் வசதிக்காக நாற்காலி மாட்டச் சொல்லித் தீர்மானம் போட்டது நம் கமிட்டி. தளத்தில் எட்டு இடத்தில் துளையிட்டுத் திருகு முடுக்கினார்கள். துளையைப் பசை வைத்து அடைக்கச் செலவு என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அந்தத் தீர்மானத்தின் கீழும் என் கையெழுத்து இருக்கிறது. போய்ப் பார்த்தேன்.

நனைந்த நுரையை வெயிலில் வைத்துக் காய்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அது தண்ணீரை விடாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். நுரை இல்லாமல் படகு லேசாக ஓடுகிறதே, அப்படியே விட்டுவிடலாமே என்று ஓர் உறுப்பினர் சொன்னார். கூடவே கூடாது. ஆற்று நடுவே தண்ணீர் புகுந்தால் அந்த நுரைதான் உயிர். தண்ணீர் குடிக்காத வகை நுரைக் கட்டிகளை வாங்கி அடைத்து, தளத்தை மூடி, ஒவ்வொரு திருகுத் துளைக்கும் பசை வைத்தோம். பைபர் வேலையும் சேர்த்து 900 வெள்ளி. தொழிலாளர்களே பெரட்டு முடிந்து, வெட்டு முடிந்து, மாலையில் வந்து உடலுழைப்பைக் கொடுத்ததால் அந்த அளவில் நின்றது. அடிப்பக்கம் ஒட்டியிருந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டினோம். அதுவும் ஒரு தடை. சொற்பமாகத் தெரியும், சொற்பமல்ல. திரும்ப நிறுத்தபோது 390 கிலோ. ஆற்றில்: 4,300 சுற்று, 37 கிலோமீட்டர். படகு மூக்கை இறக்கிக்கொண்டு தண்ணீர் மேல் படுத்தது.

இனி விசிறி. விசிறியின் மேல் இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். முதலாவது அதன் விட்டம், இரண்டாவது பிட்ச். பிட்ச் என்றால், திருகாணி மரத்தில் இறங்குவது போல, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு. நம் விசிறியில் 15 என்றிருந்தது. படகோட்டி அண்ணனின் நோட்டில் பழைய விசிறி 13. இரண்டு வருஷத்துக்கு முன் கட்டையில் மோதி உடைந்தபோது, பட்டணத்துக் கடையில் கைவசம் இருந்தது என்று 15-ஐ மாட்டிவிட்டார்கள். பெரிய எண் என்றால் பெரிய வேகம் என்று நாமும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம்.

சுமை தூக்கும் படகுக்கு அது தவறு. பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் சுற்று சுமார் 150 முதல் 200 வரை இறங்கும். இறங்கினால் இறங்கட்டும், எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அதிக நாள் உழைக்குமே என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி, பதில் நேர்மாறு. முழு விசையில், சுற்ற வேண்டிய அளவு சுற்ற முடியாமல் திணறும் எஞ்சின், பாரத்தோடு மேட்டில் டாப் கியரில் ஏறும் லாரி போன்றது. சூடேறும், கரி படியும், பிஸ்டன் பாழாகும். இன்னும் ஒரு வருஷம் அப்படியே ஓட்டியிருந்தால் கடைக்காரர் சொன்னது உண்மையாகவே ஆகியிருக்கும்.

விசிறி ஒத்துப்போகிறதா என்று கணக்குப் போடவும் வழி இருக்கிறது. சுற்றைப் பிட்சால் பெருக்குங்கள். கியர் விகிதத்தை 1,056-ஆல் பெருக்கி, அதைக் கொண்டு வகுங்கள். வருவது மணிக்கு எத்தனை மைல் என்ற கணக்கு. நம் எஞ்சினில் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் விசிறி ஒரு சுற்று; ஆகவே விகிதம் 2. நல்ல காலத்தின் 5,000 சுற்றுக்கும் 13 பிட்சுக்கும் 30.8 மைல், அதாவது 49 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஓடியதோ 41. விசிறி தண்ணீரில் வழுக்குவதால் வரும் இந்தக் குறைவு நூற்றுக்குப் பத்திலிருந்து இருபதுக்குள் இருந்தால் இத்தகைய படகுக்கு நியாயம். முதல் நாள் அளந்த 3,600 சுற்றுக்கும் 15 பிட்சுக்கும் இதே கணக்கைப் போட்டால் 41 கிலோமீட்டர் வர வேண்டும், வந்தது 27. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரிலேயே கரைந்திருக்கிறது. சுமைக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். நான் நாலாவது வாரந்தான் போட்டேன்.

13 பிட்ச் விசிறி 420 வெள்ளி. மாட்டி ஓட்டினோம். 4,700 சுற்று, 39 கிலோமீட்டர். புத்தகம் சொல்லும் எல்லைக்குள் வந்துவிட்டது. பழைய 5,000-ஐயும் 41-ஐயும் ஏன் தொடவில்லை என்றால், படகில் இன்னும் 50 கிலோ ஈரம் மூலைமுடுக்கில் இருக்கிறது. எஞ்சினும் 1996-ல் பிறந்ததுதானே! ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, வற்றும் நீரோட்டத்துக்கு எதிராக, அதே தூரத்தை நாற்பது நிமிஷத்தில் வந்தோம். அன்றைக்கு நானும் படகில் இருந்தேன். இருட்டவில்லை.

மொத்தச் செலவு கருவிகளோடு சேர்த்து 1,430 வெள்ளி. நிதியில் மீதி இருக்கிறது. அந்த வருஷம் ஜூலையிலும் செப்டம்பரிலும் நம் லயத்தில் இரண்டு சாவு விழுந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் அன்றைக்கே பணம் போயிற்று.

கமிட்டியை மறுபடி கூட்டினோம். படகோட்டியின் படியை நிறுத்திய தீர்மானத்தை ரத்துச் செய்து, நிறுத்தி வைத்திருந்ததைக் கொடுத்தோம். அவர் அன்று சொன்ன வாக்கியத்தைப் பழைய குறிப்பில் சேர்க்க அனுமதி கேட்டேன். பழைய குறிப்பைத் திருத்தக் கூடாது என்று தலைவர் மறுத்துவிட்டார். அது சரிதான். புதிய குறிப்பில், அவர் முதலிலேயே உண்மையைச் சொன்னார், கமிட்டி கேட்கவில்லை என்று எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டோம். குறிப்பைப் படித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் மனைவி மட்டும், "இப்ப அந்தக் கடைக்காரனையும் கூப்பிட்டு விசாரிங்க" என்றார். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு ஒரு விஷயம். உங்களிடமும் பழைய எஞ்சின்கள் இருக்கின்றன. விசிறிப் பக்கம் கை வைப்பதற்கு முன் பிளக் ஒயர்களைக் கழற்றித் தரையிட்டுவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீர்கள். உள்ளே தண்ணீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் எரிந்துவிடும். முழு விசையில் சோதனை ஓட்டும்போது மிதவைச் சட்டை போடாமல் ஒருவரும் ஏறக் கூடாது. ஓட்டுகிறவர், எஞ்சினை நிறுத்தும் கயிற்றைக் கையில் மாட்டியிருக்க வேண்டும்.

சுற்று எண்ணும் கருவியும் அழுத்தமானியும் கிளை ஆபீசில், என் மேஜையின் இடப்பக்க அலமாரியில் இருக்கின்றன. புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.